மேட்டு வீட்டு ஜீப்புக்கு மூச்சு வாங்க நேரம் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
ஜீப்காரி என்று அறியப்படும் வெல்டரின் மனைவி,
கடைசி வீடு, மேட்டுத் தெரு.

பெறுநர்:
வாகனப் பதிவு அலுவலர் அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம், அடிவாரம்.

பொருள்: எஞ்சின் மாற்றி டர்போ பொருத்திய எங்கள் ஜீப் பறிமுதல் செய்யப்பட்டது தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு கொடுத்த மனுக்கள் அனைத்தும்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மனுக்களைப் போலவே இதையும் ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். பலன் வேறாக இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதவில்லை. எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தங்கள் மேசைக்கு இது வந்து சேருமா என்பதும் எனக்குத் தெரியாது. வந்து சேர்ந்தால் கடைசிப் பத்தியை மட்டுமாவது படிக்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. என் கணவர் வெல்டர். காலமெல்லாம் புகைக்குள் குனிந்து வேலை செய்ததில் நுரையீரல் கெட்டுவிட்டது. வாரம் ஒருமுறை அடிவாரத்து மருத்துவமனைக்கு அவர் வந்தே ஆக வேண்டும். எங்கள் வீடோ ஏற்றத்தின் உச்சியில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் தண்ணீர்த் தொட்டி வளைவோடு நின்றுவிடும். அதற்கு மேலே சரளையும் பாறையுமான செங்குத்துப் பாதை. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிதான் ஏறும். எங்கள் தெருவில் அப்படி இருந்தது எங்கள் ஜீப் ஒன்றே. ஓட்டியது நான். மற்ற நாட்களில் மேட்டு வீடுகளுக்கு அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிப் போவேன். என் சொந்தப் பெயரைக் கூப்பிடுகிறவர்கள் இப்போது யாருமில்லை.

2. ஜீப்பின் பழைய எஞ்சின் ஆயுள் முடிந்து நின்றபோது, பழைய இரும்புக் கடையில் உடைக்கப் போட்டிருந்த ஒரு வேனின் டீசல் எஞ்சினை என் கணவரும் அவர் தம்பியும் வாங்கி வந்தார்கள். தம்பி, அதாவது என் கொழுந்தன், லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கும் தகட்டை அவன் கடைந்தான். எஞ்சினைத் தாங்கும் கால்களை என் கணவர் பற்ற வைத்தார். அதுவே அவர் செய்த கடைசி வெல்டிங். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு கோடு இழுத்துவிட்டு, எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு மறுபடியும் குனிவார்.

3. எஞ்சின் சமதரையில் நன்றாகவே ஓடியது. எங்கள் ஏற்றத்தில்தான் அதற்குக் காற்றுப் போதவில்லை. கரும்புகை கக்கிக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடும். ஆகையால் டர்போ பொருத்தினோம். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் தரும் சிறிய சாதனம் அது என்பது தாங்கள் அறியாததல்ல. முதல்முறை ஜீப் நிற்காமல் உச்சிக்கு வந்தபோது என் கணவர் கைதட்டினார். "இதுக்கு ஒண்ணு வெச்ச மாதிரி எனக்கும் நெஞ்சுக்குள்ள ஒண்ணு வெச்சு விடுடா தம்பி" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். அவருக்கு மட்டும் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

4. தங்கள் அலுவலகக் குறிப்பில் இச்சாதனம் "பந்தய நோக்கில் வேகத்தைக் கூட்டுவதற்காக" பொருத்தப்பட்டது என்று எழுதப்பட்டுள்ளது. ஐயா, எங்கள் பாதையில் இந்த ஜீப்பை ஆட்டுக்குட்டிகள் முந்திக்கொண்டு போகும். அவற்றோடு பந்தயம் வைத்ததாகக் குற்றம் சாட்டினால், தோற்றோம் என்று எழுதிக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன்.

5. இனி, வண்டி பறிபோன விதம். மருத்துவமனைக்கு இறங்கி வரும் வழியில் தொட்டி வளைவில் தங்கள் ஆய்வாளர் நிறுத்தினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, மரியாதையாகவே பேசினார். பானெட்டைத் திறந்து பார்த்தவர், "அட, புது எஞ்சின் மாதிரியே வெச்சிருக்கீங்களே!" என்று பாராட்டினார். கூட வந்திருந்த என் கொழுந்தனுக்கு முகமெல்லாம் பல். அவன் அளவுக்கு மீறிய சுத்தக்காரன். சாப்பிட்ட தட்டை இரண்டுமுறை கழுவுகிறவன். துருவேறிக் கிடந்த எஞ்சினை அவன் ஒவ்வொரு மூலையாகத் தேய்த்து, பளபளப்பாக்கி, சாம்பல் நிறம் அடித்திருந்தான். அந்த மூலைகளில் ஒன்றில்தான் எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருந்திருக்கிறது.

6. ஆய்வாளர் எண்ணைத் தேடித் தடவிப் பார்த்தார். அந்த இடம் உள்ளங்கை போல வழவழவென்று இருந்தது. "நம்பர் எங்கப்பா?" என்று கேட்டார். பாராட்டின் மயக்கம் தீராத என் கொழுந்தன், "அங்கதான் சார் துரு ஜாஸ்தியா இருந்துச்சு, நல்லா தேய்ச்சு எடுத்துட்டேன்" என்று பெருமையாகச் சொன்னான். அவன் சொன்னது அவ்வளவே. அது தங்கள் குறிப்பில் "எஞ்சின் எண்ணைத் திட்டமிட்டு அழித்ததாக ஒப்புக்கொண்டார்" என்று ஏறிவிட்டது. திருடுகிறவன் சாம்பல் நிறம் அடிக்க மெனக்கெடுவானா ஐயா? எண் இல்லாத எஞ்சின் திருட்டு எஞ்சினாகவும் இருக்கலாம் என்று சந்தேகிப்பது தங்கள் கடமை. அதை நான் குறை சொல்லவில்லை. சந்தேகத்தைத் தீர்க்க எங்களுக்கு ஒரு வழியும் இல்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

7. தங்கள் அலுவலகம் சொன்ன வழிகளில் எல்லாம் போய்ப் பார்த்தேன். விற்றவர் உறுதிமொழி கொடுத்தால் புதிய எண் பொறிக்கலாம் என்றார்கள். இரும்புக் கடைக்காரர் காலமாகிவிட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது அவர் மகன் செருப்புக் கடை வைத்திருக்கிறார். "அப்பா யாருக்கு என்ன வித்தாருன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம். ஓடும் நிலையில் வண்டியை ஆய்வுக்குக் கொண்டுவந்தால் விதிவிலக்குக் கோரிப் பரிந்துரைக்கலாம் என்றார் மூன்றாம் மேசை எழுத்தர். வண்டி தங்கள் அலுவலகத்தின் பின்கட்டிலேயே நிற்கிறது. பறிமுதலான வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்கிறார் பின்கட்டுக் காவலர். விடுவித்தால் கொண்டுவரலாம், கொண்டுவந்தால் விடுவிக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் செருப்புத் தேய நடந்துகொண்டிருக்கிறேன். செருப்பாவது அந்த மகனிடமே வாங்கிக்கொள்ளலாம்.

8. வண்டி போன பிறகு வந்த முதல் வாரம், தெருக்காரர்கள் நால்வர் என் கணவரை நாற்காலியில் வைத்து வளைவு வரை தூக்கி வந்தார்கள். வழியில் ஒருவருக்குக் கால் சறுக்கியது. யாரும் விழவில்லை. ஆனால் வீடு திரும்பியதும் அவர், "உயிரோட இருக்கும்போதே நாலு பேரு தூக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதன்பின் அவர் கீழே இறங்கவில்லை. மருந்தை நான் நடந்து போய் வாங்கி வருகிறேன். நோயாளியைப் பார்க்காமல் எத்தனை நாள் மருந்து மட்டும் கொடுப்பது என்று டாக்டர் என்னைக் கடிந்துகொள்கிறார். சென்ற வாரம் அவரே தொட்டி வளைவிலிருந்து நடந்து மேலே வந்தார். பரிசோதித்துவிட்டு, தின்பண்டம் எது கேட்டாலும் கொடுங்கள் என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டு இறங்கினார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

9. என் கொழுந்தன் அண்ணன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறான். வாசல்வரை வந்து, "அண்ணி, சாப்பிட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். பட்டறையில் அவன் எதையும் பளபளப்பாக்குவதில்லையாம். "அவனை உள்ள வரச் சொல்லு, அவன் தேய்க்கலைன்னா நான் தேய்ச்சிருப்பேன்" என்கிறார் இவர். அதையும் போய்ச் சொன்னேன். அவன் அழுதான்.

10. ஒரு சின்ன விஷயம். டர்போ பொருத்திய எஞ்சினை ஏற்றம் ஏறிய கையோடு அணைக்கக் கூடாது. சூட்டில் எண்ணெய் கருகி டர்போ கெட்டுவிடும். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதை "மூச்சு வாங்குற நேரம்" என்போம். வாசலில் வண்டியை நிறுத்தியதும் நான் சாவியைத் தொட மாட்டேன். பக்கத்து இருக்கையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எஞ்சினும் அவரும் ஒன்றாக மூச்சு வாங்குவார்கள். அவர் கண்ணைத் திறந்து தலையாட்டிய பிறகே அணைப்பேன். வண்டியைக் கொண்டுபோன அன்று தங்கள் ஓட்டுநர் பின்கட்டு மேட்டில் ஏற்றிய வேகத்தில் படக்கென்று அணைத்தார். கொஞ்சம் ஓடட்டும் என்று கெஞ்சினேன். "வண்டிதான் போயிடுச்சே, இன்னும் என்னம்மா?" என்றார்.

11. ஆகவே ஐயா, வண்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்று இந்த மனுவில் நான் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, தங்களுக்கும் அலுத்திருக்கும். இனி வண்டி கிடைத்தாலும் அதில் ஏற்றிக் கூட்டிப்போக என்ன மிச்சமிருக்கிறது என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை. தங்கள் பின்கட்டு எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே லாரி உறுமினால் எங்களுக்குக் கேட்கும். எந்த வண்டிச் சத்தம் வந்தாலும் என் கணவர் தலையைத் தூக்கி, "நம்ம வண்டியா?" என்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. டர்போவின் மெல்லிய விசிலை வைத்து அவரே கண்டுபிடித்து, அது இல்லாததால் தலையைச் சாய்த்துக்கொள்கிறார். தயவுசெய்து ஒரே ஒரு மாலை, பின்கட்டிலேயே, எங்கள் ஜீப்பை ஸ்டார்ட் செய்ய அனுமதி கொடுங்கள். ஓட்ட வேண்டாம், கேட்டைத் திறக்கவும் வேண்டாம். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் போதும், விசில் மேலே வந்துவிடும். அப்புறம் படக்கென்று அணைத்துவிடாமல், அவர் தலையாட்டும் வரைக்கும் ஓடவிடும்படி தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஜன்னலில் நின்று துண்டை அசைக்கிறேன். அதன்பின் அணைத்துக்கொள்ளலாம்.

இடம்: மேட்டுத் தெரு
நாள்: திங்கட்கிழமை, மழைக்கு முன்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜீப்காரி

இணைப்பு:
டாக்டர் சீட்டின் நகல்.
பேட்டரி ஒன்று. வண்டியிலுள்ளது செத்திருக்கும் என்பதால், என் கொழுந்தன் இதைத் தூக்கிக்கொண்டு தங்கள் அலுவலக வாசலில் நிற்கிறான். அவனை உள்ளே விடவும்.