கப்பல் தபால்

மண்ணூர்பேட்டை,
18.8.1990

தம்பி சம்பத்துக்கு, லோகநாதனின் அண்ணன் திருவேங்கடம் எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. அந்தப் புத்தி என்னோடு போகட்டும்.

நெமிலிச்சேரிக்குப் போய் உன் அக்கா வேம்புலியம்மாளிடம் உன் விலாசம் வாங்கி வந்தேன். அவளுக்கு முட்டிவலி, மற்றபடி சௌக்கியம். என்னை உட்காரச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

என்னோடு பட்டறையில் வேலை செய்யும் ரகுநாதனுக்குத் தபால்தலைப் பைத்தியம். போன மாதம், "ஊட்ல மலேசியா கவர் எதுனா கீதாண்ணே? தலைய பிக்காம அப்டியே எட்துகினு வா" என்றான். தம்பி பெண்டாட்டி பூங்காவனத்தின் டிரங்குப் பெட்டியில் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். "பாத்துட்டு குட்துடணும் மாமா" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அது எந்தக் கவர் தெரியுமா? அறுபத்தொன்பதில் லோகு இறந்துவிட்டான் என்று ஈப்போவில் அவனோடு இருந்த உன்னிடமிருந்து தந்தி வந்தது. ஒன்பதாம் நாள் இந்தக் கவர் வந்தது. மேலே உன் கையெழுத்து. சாவுக் கடிதம் என்றே நினைத்தேன். எங்கள் பக்கம் அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம், வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துவிடுவோம். நான் படிக்கக்கூட இல்லை. உடம்பு சரியில்லை என்று முன்னமே ஒரு வரி எழுதாதவன் இப்போது என்ன பெரிதாக எழுதிவிடப் போகிறான் என்ற ஆத்திரம். காகிதத்தைக் கவரிலிருந்து உருவி, மடிப்பைப் பிரிக்காமலே சுக்குநூறாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். கீழே கிடந்த கவரைப் பூங்காவனம் எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தலையில் இருப்பது புருஷன் இருந்த ஊர்ப் படம் என்று வைத்திருந்தாள்.

ரகுநாதன் லென்ஸ் வைத்துப் பார்த்தான். கவரில் ஒட்டியிருந்த இரண்டும் ஆர்க்கிட் பூ போட்ட தலைகள், கூடவே பேராக் சுல்தான் முகம், அறுபத்தைந்தில் வந்த வரிசை என்றான். அப்புறம் இரண்டின் மதிப்பையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "இது ஏரோப்ளேன்ல வர்ல அண்ணாத்தே, கப்பல்ல வந்துகீது. இந்தக் காசுக்கு ப்ளேன்ல ஏத்த மாட்டான்" என்றான். கப்பலில் வர ஒரு மாதம் ஆகுமே. முத்திரையில் தேதியைப் பார்க்கச் சொன்னேன். பிப்ரவரி பதினொன்று. லோகு செத்தது மார்ச் மூன்று.

அவனுக்கு இங்கிலீஷில் விலாசம் எழுத வராது, எல்லாக் கவருக்கும் நீதான் எழுதுவாய். அது எனக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லையே, பாவி. நான் கிழித்தது உன் கடிதமில்லை, என் தம்பியின் கடிதம்.

எழுபத்துநாலில் நீ இங்கே வந்தபோது, எங்கள் வாசப்படியை மிதிக்காதே என்று நடுத்தெருவில் கத்தினேன். நீ ஏதோ சொல்ல வந்தாய், வாயைத் திறக்க விடவில்லை. மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

பூங்காவனம் பட்டதுதான் அதிகம். அங்கே வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான், அதனால்தான் சாகும்போதுகூடப் பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை என்று ஊரில் பேசினார்கள். இருபத்தோரு வருஷமாக அவளும் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் கவரைத் திருப்பிக் கொடுத்தேன். "அவுரு இன்னா சொன்னாரு மாமா?" என்று கேட்டாள். நல்ல பூவாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவன் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நீதான் அதை எழுதினாய் என்று உன் அக்கா சொன்னாள். அப்படியானால் அதில் இருந்தது உலகத்தில் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நினைவில் நிற்கிற மட்டும் திரும்ப எழுது தம்பி. எனக்குப் போடாதே, பூங்காவனம் பெயருக்கே போடு. பக்கத்து வீட்டு ராணி படித்துக் காட்டுவாள், நான் தொடமாட்டேன்.

நீயும் உன் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும். அன்றைக்கு வாசலில் நான் கிழித்தது யாருடைய கடிதம் என்பதையும் அதில் நீயே எழுதிவிடு. எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
மு. திருவேங்கடம்