மலைக்கோயில் பாட்டு ஏடு குறித்து அலைவாய் மடத்துக்கு விடுத்த ஓலை

திருவருள் முன்னிற்க. பவளநாடு ஆளும் கடல்வென்ற பெருவழுதியார் திருவாக்கின்படி, துறைமுக அமைச்சன் பொன்னப்பச் செட்டி எழுதும் ஓலை. அலைவாய் மடத்து அதிபர், லத்தீன் துதிப்பாட்டில் நிகரற்ற சவரிநாத அடிகள் காண்க. உம் மடத்து மணியோசையும் கரையின் மீன்பாடும் குறையாதிருக்க.

மலைமேல் எழும்பிய கன்னியர் மடத்துக் கோயில் வரும் பௌர்ணமியில் திறக்கிறது. அங்கே அக்கன்னியரே பாட வேண்டும் என்பது அரசர் விருப்பம். நீரோ, நாலு கோடிட்டு அதன்மேல் சுரம் குறித்த பழைய ஏட்டைப் படிக்கத் தெரியாதவர் வாய் திறக்கலாகாது, என் துறவிகளே வந்து பாடுவர் என்று சொல்லியனுப்பினீர். அரண்மனை இசைவாணரோ புதிய ஐந்து கோட்டு ஏடே போதும் என்றனர். எது தகும் என்று பார்த்துவர, பாட்டில் ஓர் எழுத்தும் அறியாத என்னை அரசர் அனுப்பினார். சரக்கைப் புரட்டிப் பாராமல் விலை சொல்லும் குலத்தில் நான் பிறக்கவில்லை.

முதலில் ஐந்து கோட்டு ஏட்டைக் கன்னியரிடம் கொடுத்தேன். கேட்டே அறியாத பாட்டை உச்சிப்பொழுதுக்குள் பாடிவிட்டார்கள், வியந்துபோனேன். ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் அளவு குறித்திருந்தபடியால், துதிப்பாட்டு நெல் குத்தும் உலக்கைபோல் இறங்கிற்று. பிறகு உமது நாலு கோட்டு ஏட்டைக் கொடுத்தேன். குரல் ஏறுவதும் இறங்குவதும் சதுரப் புள்ளிகளாய் அதில் இருந்தன. எந்தச் சொல்லில் நீள்வது, எதில் தவழ்வது என்பது மட்டும் இல்லை; கன்னியர் தடுமாறினர். எங்கள் கடைத்தெருவில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவோம். அதே விரல் வெற்றிலைக்கு ஒன்று, குதிரைக்கு நூறு. தொழில் தெரிந்தவனிடம்தான் விரல் பேசும்.

கன்னியர் தலைவி சந்தியம்மாள் ஏட்டை மூடி வைத்துவிட்டு, "அமைச்சரே, அதிபர் மட்டும் இதைப் பார்த்துத்தான் பாடுகிறாரா? போய்ப் பாருங்களேன்" என்றார்.

வந்து பார்த்தேன். நேற்றைய விடியற்பூசையில் உம் ஏடு பீடத்தில் தலைகீழாக இருந்தது, வைத்தவன் நானே. நீரும் துறவிகளும் பயபக்தியோடு பக்கம் புரட்டிப் புரட்டி, ஒரு சுரமும் பிசகாமல் பாடினீர்கள். என் கண் கலங்கியது மெய். சிரிப்பை அடக்கியதும் மெய்.

ஆகவே ஆணை. மலைக்கோயிலில் நாலு கோட்டு ஏடே இருக்கும். அதை நீரே சுமந்து ஏறி, கன்னியர் நெஞ்சில் பதியும்வரை உடனிருந்து பாடுக. ஏறாவிடில் ஐந்து கோட்டு ஏடு அங்கே நிலைக்கும். உலக்கை ஓசையும் உம் பெயரால் வழங்கும். எப்படியாயினும் பாடுவோர் கன்னியரே.

ஓலை கண்ட கணமே மிதியடி தேடுக. அரசரின் சுறா இலச்சினை இட்டது. திறப்பு நாளில் ஏட்டைப் பீடத்தில் வைக்கும் பணி எனக்கு. எப்படி வைப்பேன் என்பதை நீர் அறிவீர்.