விமானம் பறக்காத ஊருக்கு என் கணவரை மாற்றும்படி

அனுப்புநர்:
ஆண்டாயி, க/பெ அரியமுத்து,
கீழத்தெரு, ஆண்டிமடம்,
உடையார்பாளையம் தாலுகா.

பெறுநர்:
போக்குவரத்து அதிகாரி அவர்கள்,
ரயில்வே ஆபீஸ், திருச்சிராப்பள்ளி.

பொருள்: சென்னை விமானத் தளத்து ரயில் ஸ்டேஷனில் கேட்கீப்பராக உள்ள என் கணவரை இம்மாதம் 18-ந் தேதிக்கு முன் அரியலூருக்கு மாற்றக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் 1944 முதல் அரியலூர்ப் பகுதியில் தண்டவாள வேலை பார்த்தார். மூன்று வருஷத்தில் அவர்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை. அதைப் பார்த்தே சென்ற ஆண்டு கேட்கீப்பராக உயர்த்தி, விமானப் பிரயாணிகள் வந்து இறங்கும் மேற்படி ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். யார்மேலும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

2. அந்தக் கேட்டுக்கு நேர் மேலே, பனைமர உயரத்தில் விமானங்கள் இறங்குகின்றன. செப்டம்பர் 21-ந் தேதி காலை, ரயில் வரும் மணி அடித்து, அவர் கேட்டை மூடப் போகையில் ஒரு விமானம் வந்தது. சாலையில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. அவர் கேட்டைத் திறந்தபடியே விட்டு, அந்தக் குழந்தையை வாரிக்கொண்டு மதகுக்குள் பாய்ந்து, அதன்மேல் கவிழ்ந்து கொண்டார். டிரைவர் திறந்த கேட்டைக் கண்டு நாற்பது கஜத்துக்கு முன்பே வண்டியை நிறுத்தியதால் யாருக்கும் சேதமில்லை.

3. பிள்ளை பிடிப்பவன் என்று எண்ணிச் சிலர் அவரை வெளியே இழுத்து அடித்தார்கள். நான் ஓடிப் போனபோது, அத்தனை அடியிலும் குழந்தையை விடாமல், "மலரு, மேல பாக்காதம்மா, அப்பா இருக்கேன்ல" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தையின் தாய், கீரை விற்கும் பச்சையம்மாள், "அடிக்காதீங்க, எம் புள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லியே!" என்று குறுக்கே விழுந்து தடுத்தாள்.

4. மலர்க்கொடி எங்கள் மகள். நாங்கள் அப்போது ரங்கூனில் இருந்தோம். 1941 டிசம்பரில் முதல் குண்டு விழுந்த அன்று, தெருவே திரண்டு வேடிக்கை பார்த்தது. அவளும் வாசலில் நின்று பார்த்தாள். அவர் பத்தடி தூரத்தில் இருந்தார். அவளுக்கு நான்கு வயது. அதற்குமேல் எழுதச் சொல்ல என்னால் முடியவில்லை.

5. விளக்கம் கேட்டு வந்த மெமோவுக்கு அவர், "புத்தி தடுமாறிவிட்டது, மன்னிக்க வேண்டும்" என்று மட்டும் பதில் கொடுத்தார். மகளின் பேச்சை அவர் வாய் திறந்து எடுத்ததே இல்லை. இந்த மனு எழுதுவது அவருக்குத் தெரியாது.

6. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்று நடந்தது முதல் தடவை அல்ல. சித்திரையிலிருந்தே விமானச் சத்தம் கேட்டால் அவர் கை கால் ஓடாது. நானே கொடியை வாங்கிக் காட்டியும், கேட்டை இழுத்து மூடியும் வந்திருக்கிறேன். அந்த ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். சட்டப்படி இது குற்றம் என்று அறிவேன். இதைச் சொன்னால் அவர் வேலை போய்விடுமோ என்று பயம். சொல்லாமலிருந்தால் வண்டியில் வரும் ஜனங்களுக்கு என்ன ஆகுமோ என்று அதைவிடப் பயம்.

7. அடிபட்ட விலாவுக்காக லீவில் வந்து இரண்டு வாரமாக ஊரில் இருக்கிறார். இங்கே முந்திரித் தோப்பில் வேலை செய்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். நேற்று அரியலூர் ஸ்டேஷனுக்குப் போனவர், எக்ஸ்பிரஸ் கடந்து போகும்வரை தண்டவாளத்தோரம் சிரித்த முகமாய் நின்றுவிட்டு வந்தார்.

8. 18-ந் தேதி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் மறுபடி அந்தக் கேட்டில் நிற்க வேண்டுமென உத்தரவு. எனக்கு ஏழாவது மாதம். இனி ரயிலேறக் கூடாது என்று மருத்துவச்சி தடுத்துவிட்டாள்.

ஆகையால் தாங்கள் கருணைகூர்ந்து அவரை அரியலூரில் பழைய தண்டவாள வேலைக்கே திருப்பிவிட வேண்டுகிறேன். சம்பளம் குறைந்தாலும் சம்மதம். அது கூடாதென்றால், திங்கட்கிழமை அந்தக் கேட்டில் அவரோடு இன்னொருவரையாவது நிறுத்தி வையுங்கள். இந்தத் தடவை அவர் தனியாகப் போகிறார், ஐயா.

இடம்: ஆண்டிமடம்
தேதி: 9-10-1948

படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்பி வைத்தது:
ஆண்டாயி, இடது பெருவிரல் ரேகை

மனுதாரர் சொல்ல எழுதியது:
வை. கிருஷ்ணமூர்த்தி, பள்ளி ஆசிரியர்