நிலவேம்புச் சண்டை

மார்ச் 4, 2024

அண்ணன் சுரேந்தர் அப்பாவின் மாத்திரையை நிறுத்திவிட்டான். கல்லீரல் புற்றுநோய்க்கு பெங்களூரு டாக்டர் எழுதிய மாத்திரை! அதற்குப் பதில், குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாதவன் விற்கும் நிலவேம்புப் பொடி. போனில் கத்தினேன்.

"நீதானே சொன்ன, உங்க லேப்ல நிலவேம்பு கேன்சரைக் கொல்லுதுன்னு?"

சொன்னேன். நான் வேலை பார்க்கும் ஓசூர் மருந்துக் கம்பெனி லேபில் நிலவேம்பிலிருந்து பிரித்த பொருள், கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களைக் கொன்றது. மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கவே வருஷக்கணக்காகும் என்றும் சொன்னேனே. அது மட்டும் ஏன் அவன் காதில் ஏறவில்லை?

மார்ச் 9

ஊருக்கு, தளிக்குப் போனேன். அப்பாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். "மாத்திரை முழுங்குனா உள்ளங்கை கொப்புளிக்குது, பாப்பா. மம்பட்டி புடிக்க முடியல. இது கசக்குது, ஆனா கை எரியல."

பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். அண்ணன் கை ஓங்கினான். "படிச்ச திமிரு! வெளிய போடி!"

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மார்ச் 15

சந்தையில் மாதவனைப் பிடித்தேன். யாருக்காவது ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயா என்றேன். சிரிக்கிறான். "உங்க கம்பெனியும் இதத்தாம்மா அரைக்குது. நீங்க அரைச்சா சயின்ஸு, நாங்க அரைச்சா ஏமாத்தா?"

நாசமாப் போறவன். திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஏப்ரல் 2

அப்பாவுக்கு ரத்த வாந்தி. பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாத்திரையைத் தொடர்ந்திருந்தாலும் சில மாதங்கள்தான் கூடியிருக்கும் என்றார் டாக்டர். சில மாதங்கள்! அதைப் பிடுங்க இவன் யார்?

அண்ணன் வராந்தாவின் மறுகோடியில் நின்றான். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஏப்ரல் 11

அப்பா போய்விட்டார்.

ஏப்ரல் 12

"என் மூஞ்சில முழிக்காதே" என்றேன், சுடுகாட்டிலிருந்து திரும்பியவனிடம். எல்லோரும் கேட்கும்படி. கேட்கட்டும்.

மே 3

குந்தாரப்பள்ளிச் சந்தை. யாரோ சொல்லித்தான் போனேன். மாதவன் கடைக்கு மேல் புதுப் பேனர். அதில் அப்பா, சிரித்தபடி. 'கல்லீரல் புற்றுநோய் முற்றிலும் குணம் – தளி வெங்கடப்பன்.'

கிழிக்கக் கை நீட்டினேன். எதிர்க் கம்பத்தில் ஒருவன் ஏறிக் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான். அண்ணன்.

மாதவன் ஓடிவந்தான். "உங்கப்பன் செத்துட்டான்னு யாருக்குடா தெரியும்?" என்றான். அண்ணன் கத்தியோடு திரும்பிப் பார்த்தான். மாதவன் அப்படியே நின்றுவிட்டான்.

அப்பா முகம் மடங்காமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுருட்டினோம். அண்ணன் அதைத் தன் பைக்கில் வைத்துக் கட்டினான். முன்னால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

ஏறினேன்.