ஞானித்தல்

3-6-1968
எனக்கு வரவேண்டிய ஹெட்கிளார்க் நாற்காலியில் இன்று ஞானையா உட்கார்ந்தார். ஆபீஸ் போதாதென்று அடுத்த வீட்டுக்காரர் வேறு. சாயங்காலம் லட்டு டப்பாவோடு வந்து கேட்டில் நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் தெருவில். "இல்ல... சும்மாதான்... நீங்க பிஸியா இருந்தா..." கால்மணி நேரம்! வரவும் இல்லை, போகவும் இல்லை.

இதற்குத் தமிழில் என்ன சொல்? கூச்சமா? கண்ணும் கூசும், பல்லும் கூசும், போதாது. சங்கோசம் என்றால் சுருங்குவது. இந்த மனுஷன் எங்கே சுருங்கினார், கேட்டையே அடைத்துக்கொண்டு நின்றார்! அசடு வழிவதென்றால் வழிந்தாவது தொலையும். இவர் உறைந்துபோகிறார்.

4-6
கண்டுபிடித்துவிட்டேன். ஞானிப்பது! ஞானித்தார், ஞானிக்கிறார், ஞானிப்பார். முக்காலத்துக்கும் வளைகிறது. கேன்டீனில் பட்டாபிராமனிடம் மட்டும் சொன்னேன். அவனிடம் 'மட்டும்' சொல்வது தண்டோரா போடுவதற்குச் சமம். தெரியாமலா சொன்னேன்?

19-7
சானடோரியம் ஸ்டேஷனில் முன்பின் தெரியாத ஒருத்தன் கத்தினான்: "இன்னாடா ஞானிச்சிகினு கீற? ஏறு மச்சான்!" எனக்குப் புல்லரித்துவிட்டது. சொந்தப் பிள்ளை முதல் மார்க் வாங்கினால்கூட — பிள்ளை இல்லை. அது வேறு கதை.

11-8
ஞானையா மகள் கிருபாவுக்கு வரன் திகைந்துவிட்டதாம். கீழ்க்கட்டளை ஏசுபாதத்தின் மகன். "நாலு வருஷமா அலைஞ்சாங்க, பாவம்" என்கிறாள் என் மனைவி சரோஜினி. பாவமாம்!

2-9
ரயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஏசுபாதம்.

"சார், ஞானிக்கிறதுன்றானுங்களே, அது நம்ம சம்பந்திய வெச்சுத்தானாமே? ஊரு சிரிக்கிற வூட்ல பொண்ணு எடுத்தா எம்புள்ள மானம் இன்னா ஆவுறது? நீங்க பக்கத்து வூடு. மெய்யா சொல்லுங்க. ஆமான்னா பேச்ச இத்தோட வுட்டுர்றேன்."

ஒரு 'ஆமாம்' போதும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

சொன்னதென்னவோ இது: "சேச்சே! பழைய சொல்லுங்க. ஞானிக்கு உள்ளேயும் வெளியேயும் எல்லாம் ஒண்ணுதான். அவன் வாசல்ல நின்னா எந்தப் பக்கம் போவான்? அப்படியே நிப்பான். அதான் ஞானிக்கிறது."

தொடையில் தட்டிச் சிரித்தார் ஏசுபாதம்.

ஏன் சொன்னேன்? இரக்கமா? சீச்சீ. ஆமாம் என்றால் 'யார் கட்டிவிட்டது?' என்று அடுத்த கேள்வி வரும். அவ்வளவுதான். — அவ்வளவுதானா?

29-9
ஞானையா வந்தார். கேட்டைத் திறந்துகொண்டு விடுவிடுவென்று நேரே கூடத்துக்கு.

"சம்பந்தி உங்க விளக்கத்தைச் சொன்னார். எனக்கும் காது கேக்கும் தனசிங் சார், அந்த வார்த்தை ரொம்ப நாளா கேக்குது. இவ்வளவு சுத்தமா பொய் சொல்ல இந்தத் தெருவில ஒரு ஆள்தான் இருக்கார். அப்ப வார்த்தையும் அவரோடதுதான். பொய்க்கு தேங்க்ஸ். கல்யாணத்துக்கு சரோஜினி அக்கா வரட்டும். நீங்க வராதீங்க."

ஒரு திக்கல் இல்லை.

14-10
சரோஜினி கல்யாணத்துக்குப் போய்வந்தாள். பிரியாணி பிரமாதமாம். பந்தியில் ஏசுபாதம் 'ஞானி' விளக்கத்தைச் சொல்ல, ஒரே சிரிப்பாம். ஞானையாவும் கூடச் சிரித்தாராம்.

"யார் சொன்ன விளக்கம்னு யாரும் கேக்கலையா?" என்றேன்.

"அது பழைய சொல்லாமே," என்றாள்.