நாற்பது எட்டு

மார்ச் 3
பெரிய பாலம் திறந்து, எனக்கு இடது கண்ணில் திரை எடுத்த வருடம் இது. எழுதுவது மருமகள். எனக்குச் சொல்லத்தான் வரும்.
பாறைக்கு அப்பால் உள்ள கடற்கரையில் விடுதிக்காரர்கள் கட்டடம் கட்ட அளவுக்கல் நட்டுவிட்டார்கள். நண்டும் ஆமையும் மட்டும் நடக்கும் மணல் அது. கடல் கரையோர மரங்களைத் தாண்டியதே இல்லையாம், வரைபடம் சொல்கிறதாம்!

மார்ச் 9
கடற்கரை அதிகாரி வந்தார். சொன்னேன்: எனக்குப் பத்தொன்பது வயது, அக்காவை அக்கரையிலிருந்து அழைத்து வந்த அன்று புயல். கடல் எங்கள் படகை மரங்களுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டது. பிறகு மணல் மூடிவிட்டது. பிளந்த பாறையிலிருந்து நாற்பது எட்டு நடந்தால் அந்த இடம். அன்றே எண்ணி வைத்தேன்.
"படகு கிடைச்சா, ஐயா, அதுவரைக்கும் கடலோட இடம். ஒரு செங்கல் வைக்க விடமாட்டேன்" என்றார் அதிகாரி.

மார்ச் 10
தோண்டினோம். வெறும் மணல். விடுதிக்காரன் சிரித்தான். என் ஞாபகமா பொய் சொல்லும்? சோறு இறங்கவில்லை.

மார்ச் 11
"மாமா, பத்தொன்பது வயசுல வச்ச எட்டும் இப்ப வைக்கிற எட்டும் ஒண்ணா? வாசல்ல இருந்து அடுப்படிக்கே இருபது எட்டு வைக்கிறீங்க!"
அடிப்பாவி. சிரிக்காமல் எழுதும்மா.
அதிகாரி நெட்டைக் கால்காரர், அவரை நடக்கவிட்டோம். வழியில் ஆமை முட்டைக் குழி, சுற்றிப் போனோம். அவருடைய நாற்பதாவது எட்டில், இடுப்பளவு ஆழத்தில், மண்வெட்டி டொக்கென்றது. பலகை! மணலில் உட்கார்ந்து சிரித்தேன், நிறுத்த முடியவில்லை.

மார்ச் 12
இன்றும் சிரிப்பு.

மார்ச் 20
யாரோ இழுத்து வந்து புதைத்த படகு என்கிறான் விடுதிக்காரன். கண்ணால் பார்த்த இன்னொருவர் வேண்டுமாம். அக்கா இருக்கிறாள். ஆனால் தன் தோப்பை விடுதிக்கு விற்க வாக்குக் கொடுத்தவள் அவள். எந்த முகத்தோடு கேட்பேன்?

மார்ச் 27
விசாரணை. நான் கேட்கவே இல்லை; கோலை ஊன்றிக்கொண்டு தானே வந்து நின்றாள்.
"அலை மரத்தைத் தாண்டித்தான் போச்சு. இந்த மடையன் பயத்துல என் சடையப் பிடிச்சுத் தொங்குனான். அதையும் எழுதிக்கங்க."
அறையே சிரித்தது. அளவுக்கற்களைப் பிடுங்கச் சொல்லிவிட்டார் அதிகாரி.
"உன் தோப்பு விலை போகாதே, அக்கா?"
"போகலைன்னா என்னடா? மரம் காய்ச்சிட்டுப் போகுது."
படகில் வந்தவர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார் அதிகாரி. அப்பா இல்லை. சித்தப்பா இல்லை. துடுப்புக்காரர் 'கொக்கு' போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். என்னை விட்டால் உயிரோடு இருப்பவள் என் அக்கா.