நீ செத்த பிறகு பார்த்த பானை

பஞ்சர் ஒட்டுவதில் கெட்டிக்காரனும் பொய் சொல்வதில் கத்துக்குட்டியுமான என் அன்பு நைனாவுக்கு,

உனக்குச் சம்மன் வந்திருக்கிறது. சிரிக்காதே. மேலோகத்துச் சம்மன் ஆனி மாதமே வந்து, நீயும் கிளம்பிப் போய்விட்டாய். இது செங்கல்பட்டு கோர்ட்டிலிருந்து வந்தது. உன் பேர், உன் அப்பா பேர், தொழில் சைக்கிள் கடை என்று எல்லாம் சுத்தமாக எழுதியிருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோதுகூட உன் பேரை யாரும் இவ்வளவு அழகாக எழுதியதில்லை.

கொண்டுவந்தவர் ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். சிவப்புத் தொப்பி நம் கடைக் கூரையில் இடிக்க, குனிந்துகொண்டே கேட்டார்.

"இங்க சின்னசாமிங்கது யாரும்மா? எங்க இருக்காரு?"

"மேல போயிட்டாரு" என்றேன்.

நம் கடைக்கு மேலே என்ன இருக்கிறது? ஓலை. ஓலைக்கு மேலே ஒரு காக்கா. அவர் அண்ணாந்து பார்த்து, "எப்ப இறங்குவாரு?" என்றும் கேட்டுவிட்டார். உள்ளே இருந்து அம்மா வந்து, "இன்னாடி பேச்சு இது? அவரு பூட்டாருங்க ஐயா, மூணு மாசம் ஆவுது" என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. உடனே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷன் ஆள் ஒருவர் நம் கடையில் தொப்பியைக் கழற்றி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எந்தக் கேஸ் என்று கேட்டேன். மதுவிலக்குக் கேஸ். சதுரங்கப்பட்டினம் குப்பத்தில், டச்சுக்காரன் கோட்டைச் சுவரை ஒட்டி, கன்னியப்பன் என்பவர் வீட்டுக்குப் பின்னால் சாராய ஊறல் பானையைத் தோண்டி எடுத்தார்களாம். நீ பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டாயாம். என்றைக்கு என்று கேட்டேன். அவர் சொன்ன தேதி, உன் பதினாறாம் நாள் காரியம் நடந்த தேதி.

அதாவது, செத்துப் பதினைந்து நாள் கழித்து எழுந்து, அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து, பானையைப் பார்த்து, கையெழுத்தும் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாய். வந்தது வந்தாய், வீட்டுக்கு ஓர் எட்டு வந்திருக்கக் கூடாதா?

இன்னொரு வேடிக்கை கேள். அன்றைக்குக் கன்னியப்பன் அண்ணாத்த எங்கே இருந்தார் தெரியுமா? நம் வீட்டில். மீன் கூடை கட்ட நம்மிடம் வாடகைக்குச் சைக்கிள் எடுப்பவர், உன் காரியத்துக்குக் காலையிலேயே வந்து பந்தல் போட்டு, பந்தியில் தண்ணீர் ஊற்றி, சாயங்காலம்தான் போனார். சொந்தக்காரர்களைவிட அதிகமாக அழுதவரும் அவர்தான். நீ அவர் வீட்டில் பானை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் நம் வீட்டில் உனக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்தார். வழியில் எங்காவது எதிர்ப்பட்டீர்களா?

அவர் செய்த குற்றம் எனக்குத் தெரியும். தினமும் ஸ்டேஷனுக்கு ஒரு மீன் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள், "வலையில ஒண்ணும் இல்ல ஏட்டையா, வோணும்னா கடலையே எடுத்துக்கினு போங்க" என்றாராம். இந்தப் பதிலுக்கு நானாக இருந்தால் பரிசு கொடுத்திருப்பேன். அவர்கள் பானை கொடுத்தார்கள். ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் இரண்டு மாதமாகச் செங்கல்பட்டு சப்ஜெயிலில் இருக்கிறார்.

போலீஸ்காரர் ஒரு வீட்டைச் சோதனை போட்டால் உள்ளூர்க் கனவான்கள் இரண்டு பேர் கூட நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதத்துக்குத்தான் மகஜர் என்று பேர், அதில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குப் பஞ்சாயத்தார் என்று பேர். அவரே பானையைக் கொண்டுபோய் வைத்து அவரே எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதை எழுதியவர் நம் ஊர் வெயிலை நினைத்துப் பார்த்தாரா? போலீஸ்காரர் பின்னாலேயே மணலில் நடக்க எந்தக் கனவான் வருவார்? ஸ்டேஷன் சுவரை ஒட்டி ஒரு சைக்கிள் கடை இருந்தது, கடையில் நீ இருந்தாய். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர், "சின்னசாமி, ஒரு கையெழுத்து" என்று சுவருக்கு மேலே கையை நீட்டுவார். நீ டியூபை வாளியில் போட்டுவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போடுவாய். பஞ்சர் ஒட்டியவன் பஞ்சாயத்தார் ஆனாய். கனவான் என்று பேர் வாங்கியதால் எல்லாவற்றையும் கனவிலேயே பார்த்தாய்.

நான் உன்னைக் கிண்டல் செய்வேன், ஞாபகம் இருக்கிறதா?

"நேத்து இன்னா நைனா பாத்த?"

"பானை."

"இன்னா நெறம்?"

"பானை நெறம்தான்."

"எவ்ளோ பெருசு?"

"பானை பெருசுதான். போடி அந்தாண்ட, ஸ்பேனரை எடு."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் நீ கோர்ட்டிலிருந்து வந்து சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாய். வயிற்று வலி என்றாய். நீ போன பிறகுதான் அம்மா சொன்னாள்: "கூண்டுல நின்னவன் என்னைப் பாத்துக் கும்புட்டான்டி" என்று அவளிடம் சொன்னாயாமே. யார் நைனா அது? எந்த ஊர்? அவன் கும்பிட்ட பிறகு நீ என்ன சொன்னாய்? மறுநாள் காலை ரைட்டர் கையை நீட்டியபோது மறுபடியும் ஏன் போட்டாய்? கடை நிற்கும் இடம் புறம்போக்கு, அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் கூரை பறந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். அது மட்டும்தான் காரணமா? கனவான் என்று எழுதியதைப் படித்துக் காட்டியபோது உனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்ததா? கோபித்துக்கொள்ளாதே. கேட்க வேறு ஆள் இல்லை.

சம்மன் வந்த மறுநாள் கன்னியப்பன் அண்ணாத்தயின் சம்சாரம் முனியம்மா வந்தாள். இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். கோர்ட்டில் கொடுத்த மகஜர் நகல், வியர்வையில் ஊறி மெத்தென்று இருந்தது.

"படிச்சுச் சொல்லு கண்ணு. யாரு பாத்தான்னு போட்டுகீது?"

படித்தேன். கீழே உன் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

"இன்னா கண்ணு, மொகம் இப்டி ஆயிட்ச்சி?" என்றாள்.

நைனா, நீ கோடு போடுவாய். புள்ளி வைக்க மாட்டாய். புள்ளி வைத்தது நான்.

நீ பாயோடு பாயாகக் கிடந்த ஆனி மாதத்தில் ரைட்டர் வந்தாரே, நடுவில் கார்பன் வைத்த பத்து ஜோடி வெள்ளைத் தாளோடு. "ஒடம்பு சரியில்லாதவன், அடிக்கடி தொந்தரவு குடுக்க வாணாம்னுதான்" என்று உனக்கு உபகாரம் செய்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். நான்கு போடுவதற்குள் உன் கை நடுங்கியது. "மீதிய நீயே போட்டுடு, உனக்குத்தான் என் கையெழுத்து வரும்" என்றாய். ஆறு தாளிலும் நான் போட்டேன். உன்னுடையதைவிட உன்னுடையது மாதிரியே இருந்தது. பார்த்த சாட்சிக்குக் கண் வேண்டாமா என்று, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்து உன்னிடம் காட்டினேன். நீ சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

அந்தக் கண்தான் இப்போது கன்னியப்பன் அண்ணாத்தயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முனியம்மாவிடம் நான் சொல்லவில்லை. "நைனா செத்தப்புறம் எழுதியிருக்காங்க அக்கா, கேஸு நிக்காது" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தொட்டுக் கையை உதட்டில் வைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ஒரு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே இருந்தேன். அது வெடித்தது. ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து பார்த்தார்கள்.

கேஸ் நிற்காது என்று நானும் நம்பியிருந்தேன். புதுக் கான்ஸ்டபிள் சம்மனின் முதுகில் 'சாட்சி காலமாகிவிட்டார்' என்று எங்கள் எதிரிலேயே எழுதி, வாய்விட்டும் படித்துக்காட்டிவிட்டுத்தான் போனார். ஆனால் நான்காம் நாள் ரைட்டர் கடைக்கு வந்தார். சைக்கிள் எடுக்க வரவில்லை.

"பாப்பா, மகஜர்ல தேதி ஒண்ணு தப்பா வுழுந்துடுச்சி. சோதனை நடந்தது ஆனி மாசம். அப்ப உங்க நைனா உசுரோட இருந்தாரு இல்ல? யாராவது கேட்டா, ஆமா, போயிட்டு வந்தாருன்னு சொல்லு. சொல்ல வராட்டி பேசாம இரு."

"அந்தக் கான்ஸ்டபிள் சார் சம்மன்ல எழுதினாரே?"

"அந்தக் காயிதமும் இல்ல, அந்தாளும் இல்ல. மாத்திட்டாங்க." கடைக் கம்பத்தை விரலால் தட்டினார். "இது புறம்போக்கு, தெரியும் இல்ல?"

"தெரியும் ஐயா. போக்கிடம் இல்லாமதான் புறம்போக்குல கீறோம்."

வாய் சும்மா இருந்ததா பார்த்தாயா. அவர் சிரிக்கவில்லை.

அதே தொப்பி, அதே அரை டிராயர், ஒரே ஸ்டேஷன். ஒருவர் செத்தவனுக்காகத் தொப்பியைக் கழற்றுகிறார், ஒருவர் செத்தவனை நடக்க வைக்கிறார். கழற்றியவரை ஒரே வாரத்தில் மாற்றிவிட்டார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்களே, அந்தச் செய்தி சுவருக்கு அந்தப் பக்கம் போகவில்லையா?

ஆகவே, நீ செத்துப்போனாய் என்று நான் சொன்னால் போதாது. தேதி தப்பு என்று சொல்லிவிடுவார்கள். காரியத்து அன்று அண்ணாத்த நம் வீட்டில் இருந்தார் என்று ஊரே சொன்னாலும் பிரயோசனம் இல்லை. அந்தத் தாள் வெள்ளையாக இருந்தது, நம் வீட்டுப் பாயில் வைத்து அதில் கையெழுத்துப் போட்டது நான் என்று சொன்னால்தான் பானை உடையும். அதைச் சொல்ல இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம்.

அம்மாவிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உன்னப் புடிச்சி உள்ள வெச்சிடுவாங்கடி."

"வெச்சா வெக்கட்டும்."

"கடை போயிடும்."

"தெரியும்மா."

"நைனா பேரு நாறிப்போவும்டி. ஊரு இன்னா சொல்லும்? இத்தினி வருசமா போட்ட கையெழுத்து எல்லாம் பொய்யின்னு ஆயிடாதா?"

ஆகிவிடும். உண்மையாகவே ஆகிவிடும், நைனா. உன்னைக் கும்பிட்டவன் எங்கேயாவது இருந்து கேள்விப்படுவான். அது ஒரு பயம். கேள்விப்படாமலே போய்விடுவானோ என்பது இன்னொரு பயம். நீ இருந்திருந்தால் 'சொல்லாதே' என்றிருப்பாயா? நான் மட்டும் ஒரு பொய்க் கையெழுத்தால் உள்ளே இருந்திருந்தால்?

இரண்டு நாள் கழித்து, இன்று மத்தியானம் அம்மா சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "செங்கல்பட்டுக்கு மொத பஸ் எத்தினி மணிக்குடி? நானும் வர்றேன். தனியா இன்னா போறது."

சம்மனில் போட்டிருந்த தேதி நாளைக்கு. அதனால்தான் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விடியற்காலை பஸ் ஏறுவதற்கு முன், ரப்பர் சொல்யூஷன் போட்டுக் கடைப் பலகையில் ஒட்டிவிட்டுப் போவேன். பஞ்சர் ஒட்டிய பசை லேசில் கிழியாது என்பது உனக்குத் தெரியும். நாங்கள் இல்லாதபோது கடையைப் பிரித்தாலும், பிரிப்பவர்கள் படித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். சைக்கிள் எடுக்க வருகிறவர்களும் படிக்கட்டும். இவர்களில் யாராவது நாளைக்கு வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்கப்படலாம்.

கோர்ட்டில் டவாலி போட்ட சேவகர் வாசலில் வந்து சாட்சியின் பேரை மூன்று தடவை கூவுவாராம், முனியம்மா சொன்னாள். நீ செத்த சேதிதான் அங்கே போய்ச் சேரவில்லையே, உன் பேரை முதல் தடவை கூவும்போதே எழுந்துவிடுவேன். இது சத்தியம். நாளைக்கு ஒரு நாள் சிலேடை பேச மாட்டேன். நீ எதையும் பார்க்கவில்லை என்று சொல்வேன். நான் பார்த்தது ஒரு வெள்ளைத் தாளைத்தான் என்று சொல்வேன். எழுதிக் காட்டு என்றால் அதே கோடு, அதே இரண்டு புள்ளியோடு அவர்கள் எதிரிலேயே போட்டுக் காட்டுவேன். அதற்கப்புறம் உன் பேரை நான் எந்தக் காகிதத்திலும் எழுத மாட்டேன்.

இப்படிக்கு, இனிமேல் சொந்தக் கையெழுத்தில்,
உன் ஒரே மகள்
அலமேலு